கூப்பர் பிளாக்: உரக்கப் பேசியும் அதட்டாத எழுத்து

கூப்பர் பிளாக், அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து 1922ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரோமன் அச்செழுத்து வகை. தடித்த தண்டுகள், மழுங்கி உருண்ட முனைகள், சிறுத்த உள்வெளிகள் (எழுத்துக்குள் அடைபடும் வெற்றிடங்கள்) ஆகிய மூன்றும் அதன் அடையாளம். பெயரை அறியாதவர்கள்கூட அதைப் பார்த்திருப்பார்கள். ஈஸிஜெட் விமானங்களின் பக்கவாட்டில் இருப்பது அந்த எழுத்துதான். பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையில் இருப்பதும் அதுவே. டி-ஷர்ட்டுகளிலும் ஐஸ்கிரீம் கடைப் பலகைகளிலும் அது சர்வசாதாரணம்.

தடித்த எழுத்துக்கு அச்சுலகம் வழக்கமாகத் தரும் வேலை அதிகாரம் செய்வது: போர்ச் செய்தி, தடை உத்தரவு, அபாய அறிவிப்பு. கூப்பர் பிளாக் அதே அளவு மையைக் குடித்தாலும் அந்த வேலைக்கு உதவுவதில்லை. அது அழைக்கும், சிரிக்கும், சமயத்தில் கேலியும் செய்யும். இந்தக் குணத்தில் ஒரு பங்கு அதன் வடிவத்திலிருந்து வந்தது. மறுபங்கு, நூறு ஆண்டுகளாக அது கொண்ட சகவாசத்திலிருந்து வந்தது.

படிக்கும் எழுத்து, பார்க்கும் எழுத்து

அச்செழுத்துகளை அவை செய்யும் வேலையைப் பொறுத்து இரண்டாகப் பிரிப்பது வழக்கம். நூலிலும் நாளிதழிலும் பத்தி பத்தியாக ஓடும் எழுத்து ஒரு வகை. பெரும்பாலும் 8 முதல் 12 பாயிண்ட் அளவில் அமையும் இந்த எழுத்து, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளை மட்டும் வாசகரிடம் சேர்க்க வேண்டும். தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப்பலகை, உறை ஆகியவற்றுக்கானது இன்னொரு வகை. காட்சி எழுத்துரு என்று அழைக்கப்படும் இது, 72 பாயிண்டிலும் அதற்கு மேலும்கூட, அதாவது சுமார் ஓர் அங்குலமும் அதற்கு மேலுமான அளவில், நாலைந்து சொற்களை மட்டுமே சொல்லும். நடந்து போகிறவரை நிறுத்துவது இதன் கடமை.

காட்சி எழுத்துகள் தனி இனமாகப் பெருகியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில். லாட்டரிச் சீட்டுக்கும் நாடகத்துக்கும் சந்தைப் பொருளுக்கும் சுவரொட்டி தேவைப்பட்டபோது, நூலெழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதவில்லை. முதலில் வந்தது, தண்டு யானைக்காலாகப் பருத்து இணைப்புக் கோடு மயிரிழையாக மெலிந்த வகை. அடுத்து, முனைகளில் செங்கல் போன்ற கட்டைகள் பொருத்திய ‘எகிப்தியன்’ வகை வந்தது. முனைக்கட்டையே இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்து 1816இல் கேஸ்லன் எழுத்து வார்ப்பகத்தின் மாதிரிப் புத்தகத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. அமெரிக்காவில் 1827 வாக்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துகளைக் கடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தபின், அடிக்கணக்கான உயரமுள்ள எழுத்துகளும் சாத்தியமாயின.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கடுமை. தடிமன் கூடக் கூட மூலைகளும் விறைத்துக்கொண்டன. கூப்பர் பிளாக் இந்த வரிசையில் வந்ததல்ல. தூரிகையாலும் பேனாவாலும் வரையப்பட்ட பழைய இத்தாலிய ரோமன் எழுத்தை எடுத்து, அதன் வளைவுகளைக் கெடுக்காமல் பருக்க வைத்தால் கிடைக்கும் வடிவம் அது. ஊறவைத்த கொண்டைக்கடலை தன் மூக்கை இழக்காமலேயே உப்புவதுபோல, இந்த எழுத்தும் பழைய அங்க அடையாளங்களை விடாமல் உப்பியிருக்கிறது.

வரைந்தவர்

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879இல் ஓஹையோ மாநிலத்தின் மவுண்ட் கிலியட் ஊரில் பிறந்து, கன்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் ஊரில் வளர்ந்தவர். இளம் வயதிலேயே அச்சகத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். படம் வரையக் கற்க வேண்டும் என்று சிகாகோவுக்கு வந்து ஃபிராங்க் ஹோம் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படம் கைகொடுக்கவில்லை, எழுத்து கைகொடுத்தது. அங்கே எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃபிரெட்ரிக் கௌடி. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளர்களுள் ஒருவரானவர் அவர். நூல் வடிவமைப்பில் பெயர் பெற்ற டபிள்யூ.ஏ. டுவிகின்ஸும் அதே பள்ளியில் பயின்றவர். மாணவராக வந்த கூப்பர் விரைவில் ஆசிரியரானார்.

1904இல் ஃபிரெட் பெர்ட்ச்சுடன் சேர்ந்து ‘பெர்ட்ச் அண்ட் கூப்பர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கான எழுத்து, அலங்காரம், பக்க அமைப்பு ஆகியவற்றைச் செய்துகொடுப்பது அதன் தொழில். அக்காலத்து விளம்பரத் தலைப்புகளில் பெரும்பகுதி கையால் வரையப்பட்டவை. பேக்கார்டு மோட்டார் கார் நிறுவனத்தின் விளம்பரங்களுக்காகக் கூப்பர் வரைந்த எழுத்து பலருடைய கண்ணில் பட்டு, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனம் 1913இல் அதை அடியொற்றி ‘பேக்கார்டு’ என்ற அச்செழுத்தையே வெளியிட்டது. கூப்பரின் கையெழுத்துக்குச் சந்தை உண்டு என்பதற்கு அது முதல் சான்று.

வார்ப்பகமும் விளம்பரமும்

சிகாகோ அப்போது அமெரிக்க அச்சுத்தொழிலின் பெரிய மையங்களுள் ஒன்று. அஞ்சல் வழி விற்பனை நிறுவனங்கள் அங்கிருந்துதான் தடிமனான சரக்குப் பட்டியல்களை நாடெங்கும் அனுப்பின. பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகமும் அங்கேதான் இயங்கியது. 1911இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் அதை வாங்கிவிட்டாலும், பழைய பெயரிலேயே தனியாகத் தொழில் செய்துவந்தது. விளம்பரத்துக்கு ஏற்ற புதிய எழுத்து வேண்டும் என்று அந்த வார்ப்பகம் கூப்பரை அணுகியது.

முதலில் வந்தது 1919இன் ‘கூப்பர் ஓல்டுஸ்டைல்’. தடிமன் குறைந்த, ஆனால் முனைகள் உருண்ட எழுத்து அது. நூலுக்கும் சிறு விளம்பரத்துக்கும் ஏற்றது. அதன் தடித்த உறவாக 1922இல் வந்த கூப்பர் பிளாக், மூத்ததை முற்றிலும் மறக்கடித்துவிட்டது. வார்ப்பகத்தின் வரலாற்றிலேயே மிக வேகமாக விற்ற எழுத்துகளில் ஒன்றாக அது ஆனது. சிற்றூர் அச்சகங்களுக்கு அதன் பயன் நேரடியானது: ஓவியரை அமர்த்திக் கையால் எழுதவைக்க வேண்டிய தலைப்பை, இனி எழுத்துப்பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்துவிடலாம். கையால் எழுதியது போன்ற இளக்கமும் கெடாது.

எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. நூலச்சின் நயத்தில் ஊறிய சிலருக்கு இந்தக் கறுப்புத் திரள் பக்கத்தின் அமைதியைக் குலைப்பதாகத் தோன்றியது. கூப்பர் அதற்காக வருந்தவில்லை. தொலைநோக்குள்ள அச்சாளருக்கும் கிட்டப்பார்வையுள்ள வாடிக்கையாளருக்கும் ஏற்ற எழுத்து இது என்ற பொருளில் அவர் சொன்ன வேடிக்கை வாசகம் அச்சுத்தொழிலில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

உடலமைப்பு

ரோமன் எழுத்தின் தண்டு முடியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டைக்குச் செரிஃப் என்று பெயர். மற்ற எழுத்துகளில் அது கூராகவோ சதுரமாகவோ முடியும். கூப்பர் பிளாக்கில் தண்டு அப்படியே வழிந்து பரவிச் செரிஃபாகிறது. எங்கே தண்டு முடிந்தது, எங்கே கட்டை தொடங்கியது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. செரிஃபின் அடிப்புறமும் தட்டையாக இல்லாமல் சற்றே குவிந்திருக்கிறது. அதனால் எழுத்துகள் அடிக்கோட்டின்மேல் நிற்காமல் லேசாக ஆடுவது போன்ற தோற்றம் கிடைக்கிறது. விளையாட்டுத்தனம் என்று கண் உணர்வதில் பெரும்பகுதி இந்தக் குவிந்த அடியால் வருவது.

அடுத்தது சாய்வு. ஆங்கில ‘ஓ’ எழுத்தின் உள்வெளி செங்குத்தாக நிற்காமல், இடப்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவத்தில் இருக்கிறது. அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் இயல்பாக விழும் சாய்வு இது. பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகர அச்செழுத்துகளிலும் இதைக் காணலாம். கூப்பர் பிளாக் எவ்வளவு பருத்தாலும் இயந்திரத்தில் வார்த்த பொருளாகத் தெரியாமல் ஒரு கை எழுதியதாகத் தெரிவதற்கு இந்தச் சாய்வு காரணம்.

மூன்றாவது விகிதம். சிறிய எழுத்துகளின் உடல் உயரமாக இருக்கிறது. மேலே நீளும் கொம்பும் கீழே இறங்கும் வாலும் குட்டையாக இருக்கின்றன. எனவே ஒரு வரிக்கு அடியில் அடுத்த வரியை மிக நெருக்கமாக வைக்கலாம். விளம்பரத்தில் இடம் என்பது பணம். ஒரே சதுர அங்குலத்தில் அதிகக் கறுப்பை நிரப்ப இந்த விகிதம் உதவியது.

நான்காவது, தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு மிதமானது. இணைப்புக் கோடுகள் மயிரிழையாகிவிடாமல் உறுதியாக நிற்கின்றன. ஈய எழுத்தால் மலிவான தாளில் அச்சிடும்போது மை கசிந்து பரவும். கூர்மையான மூலை மழுங்கும். மெல்லிய கோடு உடையும். பிறக்கும்போதே மழுங்கியிருக்கும் எழுத்தில் மேற்கொண்டு மழுங்க ஒன்றுமில்லை. தேய்ந்த எழுத்தும், மட்டமான தாளும், அவசர அச்சும் கூப்பர் பிளாக்கை அதிகம் பாதிப்பதில்லை. பார்வைக்கு விளையாட்டாகத் தெரியும் உருட்சி, தொழிற்கூடத்தில் ஒரு பாதுகாப்பாகவும் வேலை செய்தது.

வட்டத்தின் குணம்

உருண்ட வடிவத்தை மென்மையோடும் கூரான வடிவத்தைக் கடுமையோடும் மனித மனம் இணைத்துக்கொள்வது ஆய்வுகளில் பலமுறை காணப்பட்ட ஒன்று. ஜெர்மானிய உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் 1929இல் எழுதிய சோதனை இதில் முன்னோடி. வளைந்த உருவம் ஒன்றையும் முனைகள் நீட்டிய உருவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்கும் சோதனை அது. 2001இல் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் ‘பூபா’, ‘கிக்கி’ என்ற சொற்களை வைத்து அதை மீண்டும் செய்தார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்கப்பட்ட அந்தச் சோதனையில், இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் வளைந்த உருவத்துக்குப் ‘பூபா’ என்றும் கூரான உருவத்துக்குக் ‘கிக்கி’ என்றும் பெயர் சூட்டினர்.

கூப்பர் பிளாக் பூபாவின் பக்கம். அதன் தடிமன் கவனத்தை இழுக்கிறது. உருட்சி அந்த இழுப்பிலுள்ள மிரட்டலைக் கழித்துவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் அதைப் பார்ப்பவர் உரத்த குரலையும் நட்பையும் சேர்த்தே உணர்கிறார். பொம்மை, தின்பண்டம், நகைச்சுவை போன்ற சரக்குகள் அந்த எழுத்தைத் தேடி வருவதற்கு இதுவே அடிப்படை.

குடும்பமும் போட்டியாளர்களும்

விற்பனை சூடுபிடித்ததும் வார்ப்பகம் குடும்பத்தை விரித்தது. 1920களின் நடுவில் சாய்வெழுத்து வந்தது. இடம் குறைந்த வரிகளுக்காக ஒடுக்கப்பட்ட வகை வந்தது. 1925இல் வந்த ‘கூப்பர் ஹைலைட்’ எழுத்தின் உடலில் வெள்ளைக் கீற்று ஒன்று ஓடும். ஒளி பட்டுப் பளபளக்கும் புடைத்த பொருள்போல எழுத்து தெரிய அது உதவியது. கடைப் பலகை எழுதுபவர்கள் தூரிகையால் போடும் பளபளப்பை ஈயத்துக்குக் கொண்டுவந்த முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

போட்டி நிறுவனங்கள் கைகட்டி நிற்கவில்லை. அமெரிக்கச் சட்டம் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை தருவதில்லை. வடிவமைப்புக் காப்புரிமை பெற வழி உண்டு என்றாலும், சற்றே மாற்றி வரைந்த எழுத்தைத் தடுப்பது கடினம். லட்லோ நிறுவனம் 1924இல் ‘லட்லோ பிளாக்’ எழுத்தைக் கொண்டுவந்தது. லான்ஸ்டன் மோனோடைப், கூப்பரின் ஆசிரியரான கௌடியிடமே கேட்டு 1925இல் ‘கௌடி ஹெவிஃபேஸ்’ எழுத்தை வெளியிட்டது. மாணவரின் வெற்றியைப் பார்த்து ஆசிரியரை வரையச் சொன்ன அந்த எழுத்து, கூப்பர் பிளாக்கின் இடத்தைப் பிடிக்கவில்லை. 1928இல் லைனோடைப்பின் ‘பாப்ஸ்ட் எக்ஸ்ட்ரா போல்டு’ வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் ஒரு தனி எழுத்து, ஒரு பாணியாகவே மாறிவிட்டது.

கூப்பர் 1940இல் சிகாகோவில் காலமானார். அதற்குள் காற்று வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. பால் ரென்னரின் ‘ஃபியூச்சரா’ 1927இலும், ‘ஹெல்வெடிக்கா’வாக அறியப்பட்ட எழுத்து 1957இலும் வந்து, அலங்காரமற்ற நேர்கோட்டு எழுத்தே நவீனம் என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்தன. கூப்பர் பிளாக் பழைய அச்சகங்களின் எழுத்துப்பெட்டிகளில் தங்கிப்போனது.

ஈயத்திலிருந்து படச்சுருளுக்கு

அதை மீட்டது தொழில்நுட்ப மாற்றம். ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு தனிக் கட்டை. இரண்டு கட்டைகளை எவ்வளவு நெருக்கினாலும் அவற்றின் விளிம்பு இடிக்கும். 1960களில் பரவிய ஒளி அச்சுக்கோப்பில் எழுத்து என்பது படச்சுருளில் உள்ள நிழல் மட்டுமே. ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் விடலாம். உருண்ட, தடித்த எழுத்துக்கு இந்தச் சுதந்திரம் மிகவும் பொருந்தியது. நெருக்கி வைத்தபோது சொல் முழுவதும் ஒரே திரளாக, ஒரு சின்னம்போல ஆனது.

1961 முதல் லண்டனின் லெட்ராசெட் நிறுவனம் விற்ற தேய்ப்பு எழுத்துத் தாள் இன்னொரு வாசலைத் திறந்தது. தாளைப் பக்கத்தின்மேல் வைத்துப் பின்புறம் பென்சிலால் தேய்த்தால் எழுத்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். அச்சகமோ அச்சுக்கோப்பவரோ தேவையில்லை. மாணவர் இதழ், கல்லூரி நாடக அறிவிப்பு, சிறு கடையின் விலைப்பட்டியல் என எல்லாவற்றுக்கும் காட்சி எழுத்து கைக்கெட்டியது.

ரசனையும் மாறியிருந்தது. நேர்கோட்டு நவீனத்தில் சலித்த இளம் வடிவமைப்பாளர்கள் பழைய மாதிரிப் புத்தகங்களைப் புரட்டி, வளைவும் நெளிவும் உள்ள எழுத்துகளைத் தேடி எடுத்தனர். மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் 1914இல் வரைந்த ‘சூவனீர்’ எழுத்தை எட் பெங்கியாட் 1970இல் புதுப்பித்ததும் இதே அலையில்தான். கூப்பர் பிளாக்குக்குப் புதுப்பித்தல்கூடத் தேவைப்படவில்லை. இருந்தபடியே அது அந்தக் காலத்துக்குப் பொருந்தியது.

உறை, திரை, சட்டை

பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966 மே மாதம் வெளிவந்தது. குழுவினர் ஆடுகளுக்குத் தீனி ஊட்டும் படம். அதற்கு மேலே பச்சைப் பட்டை. அதில் கூப்பர் பிளாக்கில் பெயர். பரிசோதனை முயற்சிகள் நிறைந்த இசைக்கு விளையாட்டான முகம் தந்த அந்த உறை, எழுத்துக்கும் இளைஞர் இசைக்கும் இடையே நிலையான தொடர்பை ஏற்படுத்தியது.

தொலைக்காட்சி அடுத்த மேடை. பிபிசி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’, இரண்டாம் உலகப் போரின்போது ஊர்க்காவல் படையில் சேர்ந்த முதியவர்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். அதன் தலைப்பு கூப்பர் பிளாக்கில் இருந்தது. போரைப் பற்றிய தொடர் என்றாலும் பயப்பட வேண்டியதில்லை, சிரிக்கலாம் என்று முதல் நொடியிலேயே எழுத்து சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய ‘டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்’ குடும்ப நகைச்சுவைத் தொடரும் இதே எழுத்தைப் பயன்படுத்தியது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் மங்கலான திரையில் மெல்லிய கோடுகள் நடுங்கி மறையும். தடித்த, மூலையற்ற எழுத்து கலங்காமல் நின்றது.

1970களில் சூடான இஸ்திரியால் துணியில் ஒட்டும் எழுத்துகள் வந்தன. கடைக்காரர் வாடிக்கையாளர் கேட்ட பெயரை அங்கேயே சட்டையில் ஒட்டித் தருவார். மெல்லிய கோடு உள்ள எழுத்து துவைத்தால் உரியும். கூர்மூலை உள்ள எழுத்து அந்த மூலையிலிருந்து கிளம்பும். கூப்பர் பிளாக்கில் இந்த இரண்டு குறையும் இல்லை. அதனால் விளையாட்டு அணி, நண்பர் குழாம், நடனக் குழு ஆகியவற்றின் சட்டைகளில் அது பெருகியது. பல ஆண்டுகள் கழித்து ‘ஆட் ஃபியூச்சர்’ என்ற லாஸ் ஏஞ்சலஸ் ராப் குழுவின் ஆடைகளில் அதே எழுத்து மீண்டும் வந்தபோது, அந்தச் சட்டைகளின் நினைவும் கூடவே வந்தது.

இப்படி ஒவ்வொரு பயன்பாடும் எழுத்தின்மேல் ஒரு பூச்சைப் படியவிட்டது. 1922இல் அது சுறுசுறுப்பான விளம்பரத்தின் குரல். 1966இல் பழைய காலத்தைச் செல்லமாகக் கேலி செய்யும் குரல். 2000க்குப் பிறகு 1970களையே நினைவூட்டும் குரல். வடிவம் மாறவில்லை, கேட்பவரின் நினைவுதான் மாறியது.

ஒரு நிறுவனத்தின் முகம்

ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோனோ தொடங்கிய ஈஸிஜெட் 1995 நவம்பரில் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பறக்கத் தொடங்கியது. அதுவரை பல விமான நிறுவனங்களின் அடையாளங்கள் கண்ணியமும் வேகமும் காட்டும் மெலிந்த, சாய்ந்த எழுத்துகளை விரும்பின. ஈஸிஜெட் மலிவு விலையை மறைக்காமல் கொண்டாட நினைத்தது. ஆரஞ்சு நிறம், முன்பாதி சிறிய எழுத்து, கூப்பர் பிளாக் ஆகிய மூன்றும் சேர்ந்து, இது பெரிய மனிதர்களின் வாகனமல்ல என்று அறிவித்தன.

பிறகு ‘ஈஸி’ என்று தொடங்கும் பெயரில் பல தொழில்கள் வந்தன. அவற்றுக்கான அடையாள விதி மிகச் சுருக்கமானது: ஆரஞ்சுப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கூப்பர் பிளாக், அதை மேலும் தடிக்கவோ, சாய்க்கவோ, வெளிக்கோடாக்கவோ, அடிக்கோடிடவோ கூடாது. தானாகவே முழுக் குணத்தோடு நிற்கும் எழுத்தின்மேல் வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம் என்ற இந்த விதி, காட்சி எழுத்துரு எல்லாவற்றுக்கும் பொருந்தும் பாடம்.

கணினிக் காலம்

பிட்ஸ்ட்ரீம், யூஆர்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் கூப்பர் பிளாக்கைக் கணினி எழுத்துருவாக்கின. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுடன் அது சேர்ந்து வந்ததால், உலகெங்கும் உள்ள டிடிபி மையங்களின் எழுத்துருப் பட்டியலில் இடம்பிடித்தது. எளிதில் கிடைத்ததே அதற்குக் கெட்ட பெயரும் தேடித் தந்தது. பொருத்தம் பார்க்காமல் எல்லா அறிவிப்பிலும் போடப்பட்டதால், சிறிது காலம் தொழில்முறை வடிவமைப்பாளர்கள் அதைத் தொடத் தயங்கினர்.

2010களின் பிற்பகுதியில் மென்செரிஃப் எழுத்துகளின் புதிய அலை எழுந்தது. சோபானி தயிர் நிறுவனம் 2017இல் தனக்கென வரைந்துகொண்ட உருண்ட செரிஃப் எழுத்தோடு வெளிவந்தது. பர்கர் கிங் 2021இல் ‘ஃபிளேம்’ என்ற உப்பலான எழுத்தை ஏற்றது. இரண்டும் கூப்பர் பிளாக் அல்ல. ஆனால் தடிமனோடு இளக்கம் என்ற அதே வழியில் செல்பவை. 2020இல் வந்த ‘ஃபிரான்சஸ்’ எழுத்துரு இன்னும் ஒருபடி மேலே போனது. கூப்பர், சூவனீர், விண்ட்சர் ஆகிய பழைய எழுத்துகளிலிருந்து ஊக்கம் பெற்ற அதில், தடிமனைக் கூட்டிக் குறைப்பதுபோல மென்மையையும் கூட்டிக் குறைக்கலாம். கூப்பர் கையால் ஒருமுறை எடுத்த முடிவு, இன்று திரையில் நகர்த்தும் ஓர் அளவுகோலாகிவிட்டது.

பருமனையும் உள்வெளியையும் பொருத்தும் கணக்கு தமிழ் எழுத்துக்கும் உண்டு. கூப்பர் பிளாக்கில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆனால் தடித்த, விளையாட்டான எழுத்தின் தேவை தமிழிலும் இருக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழு பல இந்திய எழுத்துமுறைகளுக்கு உருவாக்கிய ‘பாலூ’ குடும்பத்தில் தமிழுக்கானது ‘பாலூ தம்பி’. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் அது கூப்பரின் வழித்தோன்றல் அல்ல. செரிஃபே இல்லாத வேறு வடிவம். ஆனாலும் பருமனுக்கும் உள்வெளிக்கும் இடையிலான பேரம் ஒன்றே. ண, ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகளும் மடிப்புகளும் அடுக்கடுக்காக வருகின்றன. கோட்டைப் பருக்க வைத்தால் சுழி அடைபடும். எழுத்தை அகலமாக்க வேண்டும், அல்லது உள்ளே ஓடும் கோட்டை மட்டும் சற்று மெலிய வைக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டிவிடாமல் விலகி நிற்க வேண்டும். ‘கூ’, ‘நூ’ போன்றவற்றின் கீழ்நீட்டம் அடுத்த வரியை இடிக்காமலும் இருக்க வேண்டும். இருபத்தாறு எழுத்துகளுக்கு ஒருமுறை தீர்த்த கணக்கைத் தமிழில் உயிர்மெய் வடிவங்களுக்கும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பயன்படுத்தும் முறை

கூப்பர் பிளாக் போன்ற எழுத்து சிறப்பாக வேலை செய்வது பெரிய அளவிலும் குறைந்த சொற்களிலும். பெயர், தலைப்பு, ஒருவரி அழைப்பு ஆகியவை அதன் எல்லை. 24 பாயிண்டுக்குக் கீழே இறங்கினால் ‘ஏ’, ‘ஈ’ ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைபடத் தொடங்கும். பத்தியாகக் கோத்தால் பக்கம் கறுத்த திட்டாகிவிடும். விவரங்களைச் சொல்ல அதன் அருகில் ஒரு சாதுவான, மெலிந்த எழுத்து வேண்டும். இன்னொரு குறும்புக்கார எழுத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டையிடும்.

எழுத்துகளுக்கு நடுவிலும் வரிகளுக்கு நடுவிலும் இடைவெளியைக் குறைப்பது நல்லது; தளர விட்டால் உருண்டைகள் சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றும். முழுவதும் பெரிய எழுத்தில் அமைப்பதைவிடச் சிறிய எழுத்துகள் கலந்து அமைப்பதில்தான் அதன் நெளிவுகள் வெளிப்படும். இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால், அங்கே இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். கணினியில் பக்கவாட்டில் இழுப்பதும் நசுக்குவதும் வளைவுகளின் விகிதத்தைக் கெடுத்துவிடும். ஒடுக்கிய வகை தேவைப்பட்டால், அதற்கென்றே வரையப்பட்டதைப் பயன்படுத்த வேண்டும்.

உணவு, குழந்தைகள் நூல், திருவிழா, நகைச்சுவை, இசை நிகழ்ச்சி, சிறு கடை ஆகியவற்றுக்கு அது இயல்பாகப் பொருந்தும். இரங்கல் அறிவிப்பு, சட்ட ஆவணம், மருந்து எச்சரிக்கை ஆகியவற்றுக்குப் பொருந்தாது. தொலைவிலிருந்து வேகமாகப் படிக்க வேண்டிய நெடுஞ்சாலைப் பலகைக்கும் பொருந்தாது. அங்கே தேவைப்படுவது விரிந்த உள்வெளி, அதுவோ கூப்பர் பிளாக்கில் மிகக் குறைவு. ஒரு குறிப்பிட்ட பத்தாண்டை நினைவூட்டுவது நோக்கமாக இல்லாதபோது, அதோடு பழுப்பு, ஆரஞ்சு, கடுகு மஞ்சள் ஆகிய 1970களின் நிறங்களைச் சேர்க்காமல் இருப்பதும் நல்லது. சேர்த்தால் வாசகர் செய்தியைப் படிப்பதற்கு முன் காலத்தைப் படித்துவிடுவார்.